தபால்தலையில் விடுபட்டவன்

தபால்தலைத் தாளில் அவன் இல்லை.

ஹம்சவேணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெள்ளை ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். குச்சிக் கையும் குச்சிக் காலுமாக, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாறையில் எப்படி வட்டமாக நின்றார்களோ அப்படியே நின்றார்கள். நடுவில் சிவப்பாக, தலை கீழேயும் கால் மேலேயுமாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்க வேண்டியவனை மட்டும் காணோம். அவன் நின்ற இடத்தில் பாறையின் மண்நிறத்தைச் சீராகப் பூசி வைத்திருந்தார்கள்.

"நடுவுல இருந்த ஆளு எங்க?"

கட்டம் போட்ட சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாகச் சாப்பாட்டு மேசையில் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜனகராஜ் தலையை நிமிர்த்தவில்லை. "நான்தான் எடுக்கச் சொன்னேன். தலைகீழா ஒருத்தன் தொங்குனா பாக்க நல்லாவா இருக்கு? விழாவுக்கு வர்றவுங்க மூஞ்சியச் சுளிப்பாங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டே நிமிஷம், அழிச்சுட்டான்."

"யாரக் கேட்டு அழிச்சீங்க?"

"இதுக்குப் போயி யாரக் கேக்கணும்?"

பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஜனகராஜுக்குத் தபால்தலைதான் உலகம். சேகரிப்போர் மன்றத்தின் செயலாளர் அவர். நாம் கொடுக்கும் படத்தைச் சேர்த்துத் தபால் துறையே தபால்தலை அச்சடித்துத் தரும் திட்டம் ஒன்று இருக்கிறதே, அதில் மன்றத்தின் வெள்ளி விழாவுக்காக ஆதிமனிதர்களின் பாறை ஓவியம் ஒன்றைப் போடலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். அழகர்கோவிலைத் தாண்டி, பொட்டல்காட்டு நடுவில் நிற்கும் குறத்திப்பாறைக்கு, ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய், முழங்கால் வலியோடு குகைக்குள் ஊர்ந்து, அந்த ஓவியத்தைக் கோடு பிசகாமல் காகிதத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவள் மட்டும் ஹம்சவேணி. முப்பது வருஷம் டிராயிங் டீச்சராக இருந்த கை அது.

தபால்தலையோடு வந்த விழாக் கையேட்டைப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில் கண் நின்றது. ஓவியமும் ஆய்வும்: எஸ். கே. ஜனகராஜ்.

"இது என்னது?"

"மன்றத்துல போட்டாங்க. செயலாளர் பேருல வந்தாத்தான் எடுபடும்னாங்க. ஒன் பேருல வந்தா என்ன, என் பேருல வந்தா என்ன, எல்லாம் ஒரே வீடுதான?"

அவர்கள் வீட்டில் சௌராஷ்ட்ரம்தான் பேச்சு. சண்டை மட்டும் தமிழில் நடக்கும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் தமிழ் அதிகமாகிவிட்டது.

"நீங்க அந்தப் பாறை வாசல்ல கால் வச்சிருக்கீங்களா? ஒரு நாளு? ஒரு நாளாச்சும்? ஆய்வாம். வௌவால் எச்சத்துல மண்டிபோட்டு உக்காந்தது நானு. இடுப்பு ஒடிஞ்சது எனக்கு. பேரு மட்டும் ஒங்களுக்கா?"

"கத்தாத. நாளைக்குள்ள அம்புட்டுக் கவரும் ஒட்டியாகணும். ஒட்டிக் குடுக்கிறதா இருந்தா உக்காரு. இல்லன்னா மாடிக்குப் போ."

அவர் ஒரு தபால்தலையைக் கிழித்து, நாக்கை நீட்டி, பின்பக்கத்தைச் சப்பென்று நக்கி, உறையின் மூலையில் வைத்து அழுத்தினார். பக்கத்திலேயே ஈரப்பஞ்சு இருந்தது. அதைத் தொடமாட்டார். சின்ன வயதுப் பழக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தச் சப்புச் சத்தம் இன்றைக்கு அவள் காதுக்குள் புழுவாக நெளிந்தது.

மாடிக்குப் போனாள். படி ஒவ்வொன்றும் அதிர மிதித்துப் போனாள்.

வெளியே ஐப்பசி மேகம் அவனியாபுரத்தின் மேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. சாயங்காலம்தான், ஆனால் அறைக்குள் கரியைக் கரைத்த மாதிரி வெளிச்சம். விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோலத் தாழ்ந்து போய், ஜன்னல் கம்பிகளெல்லாம் கிர்ரென்று நடுங்கி அடங்கின. அடங்கிய பிறகுதான் அந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. நனைந்த கல், பழைய வௌவால் எச்சம், வருஷக்கணக்காக வெயில் படாத மண். குகைக்குள் ஊர்ந்தபோது தொண்டை வரைக்கும் இறங்கிய அதே வாடை. தன் படத்தாள்களில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அட்டைப் பெட்டியைத் திறந்து மூல ஓவியத்தை எடுத்தாள். அவளிடமாவது அவன் முழுசாக இருக்கிறான் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

இல்லை.

வெள்ளை வட்டம் இருந்தது. நடுவில் வெறும் காகிதம்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். கம்ப்யூட்டரில் அழித்தது போதாதென்று இதிலும் கை வைத்துவிட்டாரா? தாளை ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தாள். சுரண்டிய தடமில்லை. தண்ணீர் வைத்துத் தேய்த்தால் தாள் நார் பிரிந்து கிடக்கும், அதுவும் இல்லை. அவள் தூரிகையே படாத மாதிரி அந்த இடம் வழவழவென்று கிடந்தது. விரல் வைத்தாள். ஈரம். வெதுவெதுப்பான ஈரம், இப்போதுதான் யாரோ எழுந்துபோன பாய்போல.

குகைக்குள் அவள் கண்ட ஒரு விஷயம் அப்போது நினைவில் வந்து நின்றது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜனகராஜிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அந்த வெள்ளைக் கோடுகள் ஒரே கை போட்டவை அல்ல. ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு, அதன் மேல் இன்னொன்று. ஒன்று நடுக்கமான கை, ஒன்று அவசரக் கை, ஒன்று பிள்ளைக் கையைப்போலச் சின்னது. எத்தனையோ காலமாக யார் யாரோ வந்து வந்து வட்டத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். கைகள் கோத்த இடத்தில்தான் சுண்ணாம்பு கனமாக ஏறியிருந்தது. சிவப்பு ஆளை மட்டும் ஒருவரும் இரண்டாம் தடவை தொடவில்லை. ஆனாலும் மங்காமல் இருந்தவன் அவன்தான்.

கைபேசி அலறியது. செல்லக்கிளி. பாறைக்குக் கீழே குடிசை போட்டு மாடு வைத்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவளுக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுவந்து வைத்துவிட்டு, குகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கதை பேசுவாள்.

"யக்கா, நீ இன்னிக்கி இங்கிட்டு வந்தியா?"

"இல்லையே. ஏன்?"

"பொய் பேசாத. அந்தச் செவப்பு ஆளக் காணோம். தண்ணிய ஊத்தித் தேச்சியா, ஆசிட்டு கீசிட்டு ஊத்துனியா?"

"நான் எதுக்குச் செல்லக்கிளி தேய்க்கப் போறேன்?"

"பின்ன யாரு? ஒன்னத் தவுர ஒரு பய உள்ள எட்டிப் பாத்ததில்ல." செல்லக்கிளிக்கு மூச்சு வாங்கியது. கோபத்துக்கு அடியில் வேறொன்று அவள் குரலைப் பிடித்து இழுத்தது. "அது போயித் தொலையட்டும். மத்தவுகளப் பாத்தேன்க்கா. கைய விட்டுட்டு நிக்கிறாக."

"யாரு?"

"வெள்ள ஆளுக. கோத்திருந்த கைய அம்புட்டுப் பேரும் விட்டுட்டாக. என் மாடு ரெண்டும் கயித்த அத்துக்கிட்டு ரோட்டப் பாத்து ஓடிருச்சுக. நான் எந்தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீ படம் போட்டது போதும் தாயி. இனிமே இங்கிட்டு வராத."

வைத்துவிட்டாள்.

அதே நேரம் மழை இறங்கியது. தூறலெல்லாம் இல்லை, ஒரேயடியாகக் கொட்டியது. தகரக் கொட்டகைகள் மேல், எதிர்ப் பட்டறையின் இரும்புக் குவியல் மேல், மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் சடசடவென்று விழுந்த மழையில், தெருவிலிருந்த மற்றச் சத்தமெல்லாம் அமுங்கிப் போயிற்று. கரண்ட் போனது. இருட்டுக்குள் கீழேயிருந்து மட்டும் அது தெளிவாகக் கேட்டது.

சப்.

காகிதம் கிழியும் ஓசை.

சப்.

கைபேசி வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். வெளிச்சம் தற்செயலாக மேலே, கூரைத் தளத்தில் விழுந்தது. வெள்ளையடித்த தளத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கறை. மழை ஒழுகல் என்று நினைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மூன்றாவதை அண்ணாந்து பார்த்தபோது அதற்குக் குதிகால் இருந்தது. விரல்கள் இருந்தன. நீளமான, ஒன்றைவிட்டு ஒன்று விலகிய விரல்கள்.

தளத்தின் மேல் யாரோ நடந்து போயிருந்தார்கள். அவள் அறைக்குள்ளிருந்து கிளம்பி, அவள் தலைக்கு மேலேயே, படிக்கட்டைப் பார்த்து.

சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். தடங்கள் அவளோடு இறங்கின. ஈரமாக மின்னின. ஆனால் ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை.

கூடத்தைக் கடந்து தடங்கள் நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போயிருந்தன. ஜனகராஜின் தலைக்கு மேலே இரண்டு பாதமும் சேர்த்து வைத்த தடம். அந்த இடத்தில் செம்மண் குழம்பாக அப்பியிருந்தது. வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். அவர் அடியில் உட்கார்ந்திருந்தார். இருட்டில், வெளிச்சமே இல்லாமல், கிழித்து, நக்கி, ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

சப்.

"ஏங்க, இங்க பாருங்க."

திரும்பினார். வெளிச்சம் பட்டதும் முகத்தைச் சுளித்தார். உதடு சிவப்பு. நாக்கு சிவப்பு. வெற்றிலைச் சிவப்பு அல்ல. அந்தச் சிவப்பை அவள் கலந்திருக்கிறாள். காவிக்கல்லை இழைத்து இழைத்து, அந்த நிறம் வருவதற்கு ஒரு மாசம் பாடுபட்டிருக்கிறாள்.

"வாயில என்னங்க?"

"பசை," என்றார். "வெளிச்சத்த மூஞ்சியில அடிக்காத."

அவர் குரல்தான். ஆனால் பதில் சொல்ல அவருக்கு எதற்கு இவ்வளவு நேரம்? தடம் இங்கே நின்றுவிட்டது. வேறெங்கும் போகவில்லை. மேலே நின்றது கீழே இறங்கியிருக்கிறது. இறங்கினால் எதற்குள் இறங்கும்?

அடுப்பங்கரைக்கு ஓடினாள். வாசல் கதவு திறந்து கிடந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சாரல் கூடம் வரைக்கும் தெறித்தது. போகிற போக்கில் அதை இழுத்துச் சாத்தினாள். கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நடுங்கிய கைகளும், அவசரக் கைகளும், பிள்ளைக் கையும் எதற்காகத் திரும்பத் திரும்பப் போட்டனவோ, அதையே அவள் கையும் போடத் தொடங்கியது. குனிந்து, மேசையைச் சுற்றி, ஒரு இழுப்பில் உடம்பு, இரண்டு இழுப்பில் கால், பக்கத்து ஆளின் கை, அடுத்த ஆள்.

"இருட்டுக்குள்ள என்ன கோலம் போடுற?" என்றார் அவர். "தரையப் பாழாக்காத."

"எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க."

"எதுக்கு?"

"சொல்றேன்ல. வந்துருங்க. கெஞ்சிக் கேக்குறேன், எந்திரிச்சு வாங்க."

"வேலையப் பாப்பியா. இன்னும் அம்பது கவர் கெடக்கு."

சப்.

இன்னும் ஒரே ஒரு கை பாக்கி. முதல் ஆளின் கையையும் கடைசி ஆளின் கையையும் சேர்த்தால் வட்டம் மூடிவிடும். அந்த இடைவெளியில் மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு, விரலிடுக்கில் மாவோடு அவரைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் இந்த மனிதனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். மூட வேண்டுமென்றால் தெரிந்து மூட வேண்டும்.

"ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். அந்தப் படம் யாரு வரஞ்சது?"

அவர் இன்னொரு தபால்தலையைக் கிழித்தார்.

"நான்தான்," என்றார். "நாளைக்கு மேடையில கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். ஒன் பேரு எவனுக்குத் தெரியும்?"

அவளுக்குள் ஏதோ கொதித்துப் பொங்கிக் கண்ணை மறைத்தது. இது அவர் இல்லை என்று முடிவு கட்டினாள். முடிவு கட்ட அந்த ஒரு பேச்சு அவளுக்குப் போதுமாக இருந்தது. விரலை இழுத்தாள். கை கையோடு சேர்ந்தது.

சத்தம் அறுந்தது.

கத்தரித்த மாதிரி. சப்பு இல்லை. நாற்காலி கிரீச்சிடவில்லை. மூச்சுகூட இல்லை. மேசைப் பக்கம் ஒரே இருட்டு. இந்தப் பக்கம் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. கைபேசி கைதவறி விழுந்து அணைந்திருந்தது. அவள் தரையில் சாய்ந்து உட்கார்ந்து, மாவுக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே கேட் திறக்கும் ஓசை.

செருப்புச் சத்தம். வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஜனகராஜ் உள்ளே வந்தார். கையில் எரியும் மெழுகுவத்தி. அதே கட்டம் போட்ட சட்டை, தொப்பலாக நனைந்திருந்தது.

"ஹம்சா, இருட்டுல ஏன் உக்காந்திருக்க? கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு."

அவள் எழுந்த வேகத்தில் டப்பா உருண்டது. அப்படியென்றால் இவர் வெளியே இருந்திருக்கிறார். மேசையில் இருந்தது அதுதான். சரியாகத்தான் மூடியிருக்கிறாள். ஓடிப்போய் அவர் நெஞ்சில் முட்டி விழுந்தாள். ஈரச் சட்டை ஜில்லென்று கன்னத்தில் அப்பியது. அவர் கை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தது.

"அந்தப் படம் நீ வரஞ்சதுதான் ஹம்சா," என்றார் மெதுவாக. "பேரப் போட்டுக்கிட்டது என் தப்பு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்."

எத்தனை வருஷமாக அந்த மாதிரி ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். அழுகை இன்னும் பெருகியது. அழுதுகொண்டே இருந்தவளுக்கு, எங்கிருந்தோ குளிர்போல ஒன்று மெல்ல ஏறியது.

ஜனகராஜ் ஒரு நாளும் தப்பு என்று சொன்னதில்லை. யாரிடமும். எதற்கும்.

அவர் அவள் தோளை அணைத்தபடியே மேசையைத் தாண்டி நடத்திக்கொண்டு போனார். வெள்ளைக் கோட்டருகே வந்ததும் காலைத் தூக்கினார். மிதித்துவிடாமல் அகலமாகச் சுற்றிக்கொண்டு நடந்தார். மெழுகுவத்தி வெளிச்சம் கோட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை.

டொக்.

தலைக்கு மேலே ஒரு சத்தம். டொக். டொக். ஹம்சவேணி அண்ணாந்து பார்த்தாள். அவர் தலைமுடியின் நுனியில் மழைத்துளி ஒன்று திரண்டு, கனத்து, பிரிந்து, மேல்நோக்கி விழுந்தது. தளத்தில் பட்டுத் தெறித்தது. சட்டை ஈரமெல்லாம் கழுத்துப் பக்கமாக ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. வாசல் நிலைக்கு மேலே, வெள்ளைத் தளத்தில், வெளியே போன செம்மண் தடங்கள் தெரிந்தன. சாத்தும் அவசரத்தில் அவள் பார்க்காமல் விட்ட தடங்கள்.

மேசையில் இருந்தவர் பேசிய அத்தனையும் அவர் பேச்சுதான். முப்பத்தோரு வருஷமாக அவள் கேட்ட அதே பேச்சு. வாயிலிருந்த சிவப்பு, நக்கிய தபால்தலைகளிலிருந்து ஏறியது.

மின்னல் வெட்டியது.

வட்டத்துக்குள் ஜனகராஜ் நின்றார். வெறுங்காற்றை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். வாய் முழுசாகத் திறந்திருந்தது. அவள் பெயரைத்தான் கத்துகிறார் என்று உதட்டில் தெரிந்தது. ஒரு எழுத்துகூட இந்தப் பக்கம் வரவில்லை.

அவள் கோட்டை நோக்கிப் பாய்ந்தாள். தோளில் இருந்த கை அசையவிடவில்லை. நீளமான விரல்கள்.

அடுத்த மின்னல். அவர் கைகள் மெலிந்திருந்தன. குச்சியாக.

அடுத்தது. கால்கள் தரையில் இல்லை.

அடுத்தது. சட்டை இல்லை, முகம் இல்லை, சதை இல்லை. தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்த மாதிரி சிவப்பாக ஒரு கோடு, மெல்லச் சுழன்று, தலை கீழே வந்து, கால் மேலே போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. தலை இருந்த இடத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் அப்படியே மாட்டியிருந்தது. அதன் உட்புறத்தில், அவர் விடும் மூச்சின் ஆவி, படிந்து படிந்து மறைந்தது.